விபத்துப் பிரிவில் விடுபடும் காயங்கள்: மறுபரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் சாலை விபத்துச் செய்தி இடம்பெறாத நாள் அநேகமாக இல்லை. அச்செய்திகளில் பெரும்பாலானவை, காயமடைந்தவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்றோ, சிகிச்சை பெற்று வீடு திரும்பினார் என்றோ முடிகின்றன. நாற்பது ஆண்டுகளாக நாளிதழ் படிக்கும் நானும் அந்த வரி வந்ததும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறவனாகவே இருந்தேன். சென்ற ஆண்டு ஐப்பசியில் என் தம்பி அப்படிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார். அந்த வரிக்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும், அதைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு எளிய நடைமுறையையும் எழுதவே இக்கடிதம்.

தம்பிக்கு வயது 54. காவிரிப் பாசனத்தில் சொந்தமாக மூன்று ஏக்கரும் குத்தகைக்கு இரண்டு ஏக்கரும் பயிர் செய்பவர். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் இருசக்கர வாகனத்தில் வந்துகொண்டிருந்தபோது, எதிரே வந்த சரக்கு வேன் உரசியதில் சாலையோரக் கல்லின்மீது விழுந்தார். 108 ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்துக்குள் வந்தது. அருகிலிருந்த அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, காலுக்குத் தாங்குகட்டை வைத்துக் கட்டி, விபத்துப் பதிவேட்டில் தொடை எலும்பு முறிவு என்று எழுதினார்கள். மேல்சிகிச்சைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதாகச் சொன்னபோது, நாங்கள்தான் அவசரப்பட்டு நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதும், ஒரு மருத்துவமனையைச் சுட்டுவது என் நோக்கம் இல்லை என்பதும் காரணங்கள்.

தம்பி வழியிலேயே கழுத்து வலிக்கிறது, திருப்ப முடியவில்லை என்று சொன்னார். அவசரப் பிரிவில் பணியிலிருந்த இளம் மருத்துவரிடமும் சொன்னார், நானும் சொன்னேன். அவர் அலட்சியமாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும். கழுத்துக்குப் பட்டை போடச் சொல்லி, பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுக்கவும் செய்தார். படம் வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை, அடிபட்ட வலிதான் என்றார். பட்டை கழற்றப்பட்டது. கேஸ் ஷீட்டில் கழுத்து இயல்பாக உள்ளது என்று எழுதப்பட்டது.

அந்த ஒரு குறிப்பை அடுத்து வந்த அனைவரும் நம்பினார்கள். மறுநாள் காலை தொடை எலும்புக்குள் கம்பி பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடுவதற்காக, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடை நெஞ்சில் படுமளவுக்கு வளையச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தெலும்பு நகர்ந்திருந்த ஒருவரை அப்படி வளைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது. மயக்க மருத்துவரும் எலும்பு மருத்துவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தார்கள். தொடை எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் கழுத்தை மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலை, தம்பி மனைவி கொடுத்த காபி டம்ளர் அவர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. நடுவிரலும் சுட்டுவிரலும் மரத்திருக்கின்றன என்றார். கட்டிலில் கையூன்றி எழ முயன்றால் வலக்கை மடங்கிக்கொண்டது. சுற்றுக்கு வந்த மருத்துவரிடம் சொன்னோம். படுத்தே கிடப்பதால் நரம்பு அமுங்கியிருக்கும், சரியாகிவிடும் என்று கூறி, நரம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினாறாம் நாள் கையைத் தோளுக்கு மேல் தூக்கவே வலித்தபோதுதான், முதலிலேயே போயிருக்க வேண்டிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே நடந்ததை நான் மறக்கவே முடியாது. பயிற்சி மருத்துவராக இருந்த ஒரு பெண், எங்கள் பையிலிருந்த பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் மேலிருந்து கீழாக ஒவ்வோர் எலும்பாக எண்ணினார். ஒன்று, இரண்டு என்று தொடங்கி ஆறில் நிறுத்தினார். பிறகு மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். கழுத்தில் ஏழு எலும்புகள் இருக்கின்றன, இந்தப் படத்தில் ஆறுதான் இருக்கின்றன, ஏழாவது எங்கே என்று எங்களிடம் கேட்பதுபோல் கேட்டார். வயலில் உழைத்து அகன்ற என் தம்பியின் தோள்களின் நிழல் ஏழாவது எலும்பை மறைத்திருந்தது. அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஆறாவது எலும்பு ஏழாவதன்மீது முன்னோக்கி நழுவி, ஒரு பக்கத்து மூட்டு விலகி, அங்கிருந்து வெளிவரும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்து தகடு பொருத்தினார்கள். முதுகுத் தண்டு தப்பியதே பெரிய காரியம் என்றார்கள். ஆனால் பதினாறு நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு முழுமையாக மீளவில்லை. இன்று அவரால் கதிர் அரிவாளைப் பிடிக்க முடியாது. சட்டைப் பொத்தானைத் தம்பி மனைவி போட்டுவிடுகிறார்.

இதற்குப் பிறகு நான் படிக்கத் தொடங்கினேன். அறிவியல் ஆசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் என்பதால், மருத்துவம் தெரியாவிட்டாலும் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் உண்டு. புரிந்துகொண்டவற்றை எனக்குத் தெரிந்த மருத்துவர்கள் சிலரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஏழாவது கழுத்தெலும்பும் அதற்கடுத்த முதல் மார்பு முதுகெலும்பின் மேல்விளிம்பும் தெரியவில்லை என்றால், அந்தப் படம் போதுமானதன்று என்பது மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பிலேயே சொல்லித்தரப்படும் பாடமாம். அப்படித் தெரியாதபோது, நோயாளியின் கைகளைக் கீழே இழுத்துப் பிடித்தோ, ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தியோ மறுபடியும் எடுக்க வேண்டும். அல்லது ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் ஸ்கேன் கருவி தரைத்தளத்திலேயே இருந்தது.

கழுத்தில் அடிபட்டவர்களில் யாருக்குப் படமே தேவையில்லை என்று முடிவு செய்வதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் 21 மருத்துவமனைகளில் 34,069 பேரை வைத்து நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஐந்து கேள்விகளை உறுதிப்படுத்தியது. கழுத்தின் நடுவில் தொட்டால் வலிக்கிறதா, நினைவு தெளிவாக இருக்கிறதா, போதையில் இருக்கிறாரா, கை கால்களில் நரம்புக் குறைபாடு தெரிகிறதா என்பவை முதல் நான்கு. ஐந்தாவது கேள்வி, கவனத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு வலி மிகுந்த வேறு காயம் உடம்பில் இருக்கிறதா என்பது. தொடை எலும்பு முறிவு அத்தகைய காயத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்படுவது. பெரிய காயம் நோயாளியின் கவனத்தை மட்டும் இழுப்பதில்லை, மருத்துவரின் கவனத்தையும் இழுத்துவிடுகிறது என்பதை அன்றிரவு நான் நேரில் பார்த்தேன். துண்டான தொடையையும் வழிந்த இரத்தத்தையும் சுற்றியே அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் நின்றார்கள்.

விபத்துச் சிகிச்சைக்கு இன்று உலகமெங்கும் பின்பற்றப்படும் முறையே இப்படிப்பட்ட ஓர் இரவிலிருந்துதான் பிறந்திருக்கிறது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர், தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்ததில் மனைவியை அங்கேயே இழந்தார். பலத்த காயமடைந்த பிள்ளைகளோடு வழியே போன வாகனத்தை நிறுத்தி, அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையை அடைந்தார். அங்கு கிடைத்த சிகிச்சை, வயலில் வெறுங்கையோடு தாம் செய்ததைவிடக் குறைவானதாக இருந்தது என்ற அவருடைய வேதனையிலிருந்து, எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று வரிசைப்படுத்திய பயிற்சி 1978இல் உருவானது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. கழுத்தை அசையாமல் காத்து மூச்சுப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என உயிரைக் காக்கும் முதல் பரிசோதனை. உயிர் தங்கிய பின் தலையிலிருந்து பாதம் வரை, முதுகையும் திருப்பிப் பார்க்கும் இரண்டாவது பரிசோதனை. நம் மருத்துவர்களும் இதைப் படித்துத்தான் வருகிறார்கள்.

அத்தனைக்குப் பிறகும் காயங்கள் விடுபடுகின்றன என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பரபரப்பு அடங்கிய பின், சேர்க்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள், நோயாளியை முதலிலிருந்து மீண்டும் பரிசோதித்து, எடுத்த படங்களையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்ற யோசனை அதனால்தான் வந்தது. 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பதிவேட்டின்படி விடுபட்ட காயங்கள் 2 விழுக்காடு நோயாளிகளிடம் மட்டுமே இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனை, இந்த மறுபரிசோதனையை முறையாகச் செய்யத் தொடங்கியதும், 9 விழுக்காட்டினரிடம் அப்படிப்பட்ட காயங்கள் இருந்ததைக் கண்டுபிடித்தது. காயங்கள் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தன. தேடாததால் கணக்கில் வரவில்லை. இம்மறுபரிசோதனைக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். அரை மணி நேரமும் ஒரு மருத்துவரின் இரு கைகளும் போதும். இதை நம் நாட்டு மருத்துவமனைகளில் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கழுத்து மட்டுமன்று. என் கதையைக் கேட்டவர்கள் தங்கள் கதைகளைச் சொன்னார்கள்; அவற்றுள் ஒரே மாதிரியானவை திரும்பத் திரும்ப வந்தன. என்னிடம் படித்த ஒரு மாணவர், வழுக்கிக் கையூன்றி விழுந்தவர். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்கு மேலே குழிவாகத் தெரியும் இடத்தில் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், படம் எப்படியிருந்தாலும் கட்டுப்போட்டு, பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்பது முறை. அந்த எலும்புக்கு இரத்தம் ஒரு முனையிலிருந்தே பெரும்பாலும் வருவதால், முறிவைக் கவனிக்காமல் விட்டால் எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகும். பத்து நாள் கழித்து வா என்ற ஒற்றை வரியை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. தச்சு வேலை செய்த அவர் இப்போது கடையில் கணக்கு எழுதுகிறார்.

மது அருந்தியிருந்தவர்களின் நிலை இதைவிடக் கொடியது. வாயில் வாடை இருந்துவிட்டால், பேச்சுக் குழறலும் தூக்கமும் போதையால்தான் என்று முடிவாகி, தெளியட்டும் என்று ஓரமாகப் படுக்க வைத்துவிடும் வழக்கத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே இரத்தம் கசியும் வகைக் காயத்தில், அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து நினைவிழப்பது உண்டு. இடைப்பட்ட அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அனுப்புவதும், பின்னால் வரும் மயக்கத்தைப் போதை என்று எண்ணுவதும் உயிரையே எடுத்துவிடும். குடித்தவருக்குத் தலைக்காயம் இருக்காது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. அவர் விஷயத்தில் சந்தேகம் கூடுதலாக இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன. குடிப்பதை நான் ஆதரிப்பவன் அல்லன். ஆனால் அவசரப் பிரிவின் கட்டில் ஒழுக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் இடமன்று.

இடுப்பில் அடிபட்ட முதியவர்கள் சிலர் தட்டுத் தடுமாறி நடப்பார்கள். நடப்பதாலேயே முறிவில்லை என்று முடிவு செய்துவிடுவதும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்காமலே தலையில் தையல் போட்டு அனுப்புவதும் இவ்வரிசையில் சேர்பவை.

இவையெல்லாம் அலட்சியமா என்றால், எல்லாம் அலட்சியம் இல்லை என்பதே என் பதில். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சை பலிக்காததும் தீர்மானத்தில் நேர்ந்த பிழையும் தம்மளவில் அலட்சியமாகிவிடா என்றும், அத்துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் கொள்ளும் கவனத்தைக் கொண்டாரா என்பதே அளவுகோல் என்றும் தெளிவாக்கியது. மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடர, மிக மோசமான அலட்சியம் இருந்தாக வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதை நான் மனதார ஏற்கிறேன். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டதற்கு, எங்கள் வழக்கைப் பற்றி என்னிடம் பேசும் எவரும் நியாயம் கற்பிக்க நான் அனுமதித்ததில்லை. என் தம்பியைப் பார்த்த இளம் மருத்துவர் அந்த இரவில் மூன்று விபத்துகளையும் ஒரு மாரடைப்பையும் தனியாகப் பார்த்தார். அவசர மருத்துவம் ஒரு தனித்துறையாக இந்திய மருத்துவக் கவுன்சிலால் ஏற்கப்பட்டதே 2009இல்தான் என்னும்போது, சிறு நகரங்களின் இரவுப் பணியில் அத்துறையில் பயின்றவரை எதிர்பார்க்க முடியாது என்பதும் தெரியும்.

ஆனால் முதல் நாள் எந்தப் படத்திலும் தெரிய வாய்ப்பில்லாத காயத்தைத் தவறவிடுவது வேறு. ஏழு எலும்பு தெரிய வேண்டிய படத்தில் ஆறு தெரிந்தபோது இயல்பு என்று எழுதுவது வேறு. கையில் மரமரப்பு என்று நோயாளியே சொன்ன பிறகும் கழுத்தை மறுபடி பார்க்காதது இன்னும் வேறு. முன்னதை நான் விதி என்று ஏற்பேன். பின்னவை இரண்டும் கவனக்குறைவு. அந்த இளம் மருத்துவரைவிட, அவர் எழுதியதை மறுநாள் சரிபார்க்க யாரையும் நியமிக்காத நிர்வாகத்துக்கே இதில் பெரிய பங்கு என்பது என் முடிவு. இரவில் எடுத்த எக்ஸ்ரேயைக் காலையில் கதிரியக்க மருத்துவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். முதல் கணிப்பு தவறென்றால் நோயாளியின் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பில் தொகை பாக்கி என்று என் எண்ணுக்கு அந்த மருத்துவமனையிலிருந்து நான்கு முறை அழைத்தார்கள்.

சட்டத்தின் கதவைத் தட்டியபோது கற்றவற்றையும் வாசகர்கள் அறிய வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் முழுவதும் இலவசமாகச் சேவை செய்யும் அரசு மருத்துவமனைகள் அதில் அடங்கா என்றும் அதே தீர்ப்பு கூறியதால், அங்கே பாதிக்கப்படும் ஏழைக்கு உயர் நீதிமன்றத்தின் ரிட் மனு போன்ற தொலைவான வழிகளே மிஞ்சுகின்றன. இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் அவசரச் சிகிச்சையை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று அறிவித்து 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. சேர்க்க மறுப்பது தவறென்று அன்றே உறுதியாகிவிட்டது. சேர்த்துக்கொண்ட பின் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பதும் அதே உரிமையின் தொடர்ச்சியே என்று நான் கருதுகிறேன்.

நுகர்வோர் ஆணையத்தில் புகாரளிக்க இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் கூறுகின்றன. நாங்கள் எழுத்து மூலம் கேட்டு, நினைவூட்டல் அனுப்பி, 41ஆம் நாள்தான் பெற்றோம். செவிலியர் குறிப்புகள் அதில் இல்லை. தம்பி கை மரத்ததைப் பற்றி முதலில் எழுதி வைத்தவர் ஓர் இரவுப் பணிச் செவிலியர். அவர் எழுதியதை நானே அருகில் நின்று பார்த்தேன். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், நடைமுறையில் ஒரு மருத்துவரின் கருத்துரை இல்லாமல் வழக்கு நகர்வதாகத் தெரியவில்லை. படத்தைப் பார்த்துத் தவறு என்று வாயால் சொன்ன மூவரில் இருவர், எழுதித்தர மறுத்துவிட்டார்கள். எழுதித்தந்த ஒருவருக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டவன்.

இன்னொரு துன்பத்தை நான் எதிர்பார்த்திருக்கவே இல்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சரக்கு வேனின் காப்பீட்டு நிறுவனத்தார், விபத்துப் பதிவேட்டில் தொடை மட்டுமே இருக்கிறது, கழுத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, தனியார் மருத்துவமனையின் பதிவோ கழுத்து இயல்பு என்கிறது, ஆகவே கழுத்துக் காயம் இந்த விபத்தால் வந்ததன்று என்று வாதிடுகிறார்கள். நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாளில் எழுதாத காயத்தை, பின்னால் எத்தனை ஸ்கேன் வைத்து நிரூபிப்பதும் கடினமாக இருக்கிறது. கவனிக்காமல் விட்டதால் முதலில் கையை இழந்தவர், பதிவு செய்யாமல் விட்டதால் அதற்கான இழப்பீட்டையும் இழக்கும் நிலையில் நிற்கிறார். விபத்தில் சிக்கியவர்களின் குடும்பத்தார், எங்கெல்லாம் வலிக்கிறது என்று நோயாளி சொல்கிறாரோ அத்தனையையும் முதல் பதிவிலேயே எழுதும்படி பணிவோடும் விடாப்பிடியாகவும் கேட்க வேண்டும். பின்னர் ஒரு காயம் தெரியவந்தால், அதைக் கூடுதல் பதிவாக விபத்துப் பதிவேட்டில் சேர்க்க எளிய வழியை அரசு வகுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய அடித்தளம் இல்லாமல் இல்லை. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அரசு மருத்துவமனைகளில் விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைக்கான தனித் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் எவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, அத்திட்டத்தில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கு அரசே ஏற்கும் நல்ல திட்டம். அதனால் உயிர் பிழைத்த குடும்பங்களை நான் அறிவேன். அந்த 48 மணி நேரத்துக்குள்ளேயே நான் கேட்கும் மறுபரிசோதனை அடங்கிவிடுகிறது. எனவே மருத்துவமனை பணம் பெற அனுப்பும் ஆவணங்களில், தலை முதல் பாதம் வரை மறுபரிசோதனை செய்த குறிப்பும், எல்லாப் படங்களையும் கதிரியக்க மருத்துவர் பார்த்த குறிப்பும், நேரத்தோடும் கையொப்பத்தோடும் இருந்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். அறிவுரையால் நடக்காதது, பணம் வரும் வழியில் ஒரு படிவம் வைத்தால் நடந்துவிடும் என்பதை அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்படிவத்தில் நோயாளி நினைவோடு இல்லாதபோதோ, மயக்க மருந்தில் இருக்கும்போதோ செய்த பரிசோதனையை இறுதியானதாகக் கொள்ளக் கூடாது. அவர் எழுந்து, நடந்து, தன் வலியைச் சொல்லக்கூடிய நிலைக்கு வந்தபின் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். தம்பி ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிய ஆறாம் நாள் யாராவது அவர் கையை அழுத்திப் பார்த்திருந்தாலும் பத்து நாள் மிச்சமாகியிருக்கும். நரம்புக்கு அந்தப் பத்து நாள் பெரிது.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனோடு தமிழில் ஒரு பக்கம் தர வேண்டும். எந்த அறிகுறி வந்தால் நள்ளிரவானாலும் திரும்பி வர வேண்டும், எந்த உறுப்புக்கு எத்தனை நாளில் மறுபடம் எடுக்க வேண்டும், யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு செவிலியர் அதைப் படித்துச் சொல்லி, புரிந்ததா என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மக்கள் நல்வாழ்வுத் துறையும், அந்த 48 மணி நேரத் திட்டத்தை நடத்துபவர்களும், இந்திய மருத்துவச் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளையும் இதைப் பற்றித் தங்கள் கருத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகவே தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: வீடு திரும்பினார் என்று எழுதிய ஒருவரை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்து வாருங்கள். எங்கள் வீட்டுக்கு வர விரும்பினால் முகவரியைத் தனியே அனுப்பியுள்ளேன்; அந்த எக்ஸ்ரே படமும் இங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

(வழக்கு நிலுவையில் உள்ளதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)